இருநூற்றுப் பதினேழாம் ஜோடி

விடிந்ததும் செருப்புக்குக் கஞ்சி வைக்க வேண்டும். பிள்ளை அழுதால் ஐந்து நிமிஷம் அழட்டும் என்று விட்டுவிடலாம். செருப்பை அப்படி விட முடியாது. பசியோடு மாட்டினால் அது குதிகாலை இறுக்கிப் பிடித்து நாள் முழுக்கத் தன் கோபத்தைக் காட்டும். பூமியில் செருப்பு கடிக்கிறது என்பார்கள், அது பேச்சுக்குச் சொல்வது. செந்நெல்வேலியில் செருப்பு நிஜமாகவே கடித்தது.

செந்நெல்வேலி என்பது செவ்வாயின் தென்பாதியில், ஒரு பள்ளத்துக்குள், மூன்று மூச்சுக்கூடாரங்களுக்கு அடியில் இருந்த ஊர். நெல்லும் கிடையாது, வேலியும் கிடையாது. தாமிரபரணிக் கரையிலிருந்து கப்பல் ஏறியவர்கள் ஆற்றைக் கொண்டுபோக முடியவில்லையே என்று பெயரை மட்டும் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். கூடாரத்துக்குள் காற்று உண்டு, வெளிச்சம் உண்டு, மாதம் ஒருமுறை குழாயில் மழைகூட உண்டு. ஆனால் தரை செவ்வாயின் தரை. அந்த மண்ணில் இருந்த ஓர் உப்பு வெறுங்காலைக் கண்டால் விடாது. முதல் நாள் அரிப்பு, மூன்றாம் நாள் கொப்புளம், பத்தாம் நாள் புண். அதற்குத் தூசிப்புண் என்று பெயர் வைத்ததோடு மருத்துவர்கள் கடமையை முடித்துக்கொண்டார்கள். இரும்பில் பாதுகை செய்து பார்த்தார்கள். குளிரில் காலோடு ஒட்டிக்கொண்டு தோலோடுதான் கழன்றது. பிளாஸ்டிக்கை அந்த உப்பு இரண்டே வாரத்தில் அப்பளமாக நொறுக்கியது.

மாட்டுத்தோல் தாங்கும். ஆனால் அங்கே போனவர்கள் நல்லவர்கள். பூமியில் செய்த பாவத்தை இங்கேயும் செய்வதில்லை என்று சாசனம் எழுதியவர்கள். கொன்று உரித்த தோல், அவித்த புழுவின் நூல், காய்ச்சிய எலும்பின் பசை, எதுவும் ஊருக்குள் நுழையக் கூடாது. மாத்திரையின் உறைகூடப் பாசியில் செய்ததாக இருக்க வேண்டும். காப்புப் பட்டியல் என்று ஒன்று போட்டு நாற்பத்தோராயிரம் உயிர்களின் பெயரை அதில் ஏற்றினார்கள். ஆடு, மாடு மட்டுமல்ல. அரக்குப் பூச்சி, முத்துச் சிப்பி, தேனீ, செவ்வாய்க்கு வந்து சேர எந்த வழியும் இல்லாத நீர்நாய் வரைக்கும். பட்டியலை எழுதி முடிக்க எட்டு மாதம் ஆனது. பயணமும் எட்டு மாதம்தான். கப்பலில் வேறு வேலை இல்லை.

பிறகுதான் வாழ்தோல் வந்தது. பூமியில் ஏதோ ஒரு பசுவின் காதுமடலைச் சொறிந்து எடுத்த துணுக்கைத் தொட்டியில் வளர்த்து, அதைச் செருப்பு வடிவில் உயிரோடு நிறுத்தினார்கள். அடியில் கொம்புப் படலம், மேலே மென்தோல். தேய்ந்தால் வளரும், கிழிந்தால் ஆறும், ஒன்பது வருஷம் உழைக்கும். யாரும் சாகவில்லை. சொல்லப் போனால் செருப்பே சாகவில்லை. அதற்கு வலிக்குமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி என்று கருணை வாரியம் அமைத்து, கண்காணி என்ற எந்திரத்தின் கையில் தோல்மானி என்ற கோலைக் கொடுத்தார்கள். கோலைத் தோலருகே நீட்டினால் உயிருள்ளதா, செத்ததா, எந்த விலங்கு, எவ்வளவு வலி என்று சொல்லிவிடும். வலி நாற்பதுக்கு மேல் போனால் வதை. மாட்டியிருப்பவர் பதில் சொல்ல வேண்டும்.

மேலக்கோவில் வாசலில் செருப்புக் கொட்டகை வைத்திருந்தவர் முப்பிடாதி. ஐம்பத்திரண்டு வயது, பொறுமையான கை. சாமி கும்பிட வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கொடுத்து எண் வில்லையை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். உள்ளே கழுவிய கருங்கல் தளம், காலுக்குப் பயமில்லை. அவர்கள் திரும்பி வருவதற்குள் முப்பிடாதி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கரண்டி கஞ்சி வைத்து, கடலைப் பிண்ணாக்குத் தூளால் முதுகு தேய்த்துவிடுவார். முந்நூறு ஜோடிகளையும் அவருக்கு நடத்தையை வைத்தே தெரியும். எது முசுடு, எது சீக்காளி, எது வீட்டில் அடிபடுகிறது என்றெல்லாம்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த வாசலில் இருந்தும் அவர் உள்ளே போய்க் கும்பிட்டதில்லை. செருப்பைத் தொடுகிற கை. யாரும் தடுத்ததாகச் சொல்ல முடியாது. யாரும் வாரும் என்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அவர் மனைவி செல்லக்கனி காலைத் தட்டில் வைத்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காற்றுவாசலில் வேலை. வெளியே இருந்து வண்டிகள் வரும்போது கூடவே வரும் புழுதியை அள்ளிக் கொட்ட வேண்டும். கணுக்கால் புதையும் புழுதியில் நாள் முழுக்க நிற்கிற காலுக்கு ஒன்பது வருஷச் செருப்பு மூன்றே வருஷத்தில் செத்துப்போனது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போய்ப் புது ஜோடி கேட்டாள். வாரியம் செத்த செருப்பை மேஜைமேல் வைத்து ஒரு நிமிஷம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தியது. பிறகு, ‘கவனக்குறைவால் உயிரிழப்பு, ஆறு வருஷத்துக்கு இவரிடம் உயிர் எதுவும் ஒப்படைக்கப்பட மாட்டாது’ என்று எழுதிக் கையில் கொடுத்தது.

“இந்தத் தடவை மனு என்னாச்சு?” என்றாள் செல்லக்கனி.

“பரிசீலனையில இருக்குன்னாக.”

“அது எப்பவும் அங்ஙனதான் இருக்கு. நான்தான் இங்ஙன இருக்கேன்.” காலைத் திருப்பிக் காட்டினாள். குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பச்சைப் புண். “ரெண்டு மாசத்துல புழுதிக்காலம் வருது. மூணு மாசம் காத்து அடிக்கும். சாக்கைச் சுத்திக்கிட்டு நின்னா இந்தக் காலு தாங்காது, ஆமா.”

“நான் என்னளா செய்ய? என் செருப்பை உனக்குத் தந்தா அது கடிக்கும்.”

“ஆமா, உங்களை மாதிரியே அதுக்கும் என்னைக் கண்டா ஆவாது.” பிறகு அவளே சிரித்தாள். “ஊர்ப்பட்ட செருப்புக்குக் கஞ்சி ஊத்துதீங்க. கட்டினவ கால் மட்டும் வெறுங்கால்.”

முப்பிடாதி செம்பை எடுத்து அவள் காலில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினார். உண்மைக்குப் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் இல்லை என்பது அவர் அனுபவம்.

அந்தச் சனிக்கிழமை கோவிலில் நல்ல கூட்டம். செவ்வாயிலேயே குடியிருந்ததால் செவ்வாய் தோஷம் என்ற ஒன்றை அந்த ஊர் ஜோசியர்கள் தொழிலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனால் சனி விடவில்லை. அதிலும் ஏழரை வருஷத்தைப் பூமிக் கணக்கில் எண்ணுவதா, செவ்வாய்க் கணக்கில் எண்ணுவதா என்று ஒரு தகராறு. செவ்வாய்க் கணக்கு என்றால் கிட்டத்தட்டப் பதினாலு வருஷம். அவ்வளவு நாள் பொறுக்க மாட்டாதவர்களுக்குத் தாத்தன் காலத்துப் பரிகாரம் ஒன்று இருந்தது. சனிக்கிழமை கோவிலில் செருப்பைத் தொலைத்தால் சனியும் அதோடு தொலையும். பூமியில் அதைச் செய்தவர்கள் பிய்ந்த செருப்பாகப் பார்த்து விட்டுவந்தார்கள். அது திரும்பிப் பார்க்காது.

அன்று நடை சாத்தியபோது இருநூற்றுப் பதினேழாம் ஜோடி மட்டும் கொட்டகையில் மிச்சமிருந்தது.

யாருடையது என்று முப்பிடாதிக்கு வில்லையைப் பார்க்காமலே தெரியும். கருணை வாரியத் தலைவர் நல்லபெருமாளின் ஜோடி. அவர் காலில் நடப்பது அபூர்வம் என்பதால் அது எட்டு வருஷமாகியும் கன்றுக்குட்டிக் காதுபோல இருந்தது. ‘செருப்பைக் கண்ணெனக் காத்தவர்’ என்று சபையில் மாலை போட்டு அவருக்குப் போன மாதம்தான் புது ஜோடி கொடுத்திருந்தார்கள். பழையதை ஓய்வுத் தொட்டியில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஓய்வுத் தொட்டிக்குப் போன செருப்பைப் பிறகு யாரும் பார்த்ததில்லை. அந்த வாரம் ஊரில் செருப்புக் கஞ்சி மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். ஆனால் ஒப்படைத்தால் சனி போகாது, தொலைத்தால்தான் போகும். அதனால் தலைவர் புது ஜோடியைப் பைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, கும்பிட்டு முடித்து, தெற்கு வாசல் வழியாகப் போய்விட்டார்.

அந்த ஜோடி மூன்று நாள் கஞ்சி குடிக்கவில்லை. மாலை மணி அடித்தால் இரண்டும் மெல்ல ஊர்ந்து வாசல் பக்கம் முனையைத் திருப்பி வைத்துக்கொள்ளும். நான்காம் நாள் முப்பிடாதி அதை மடியில் தூக்கி வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுக் கஞ்சி ஊட்டினார். ஆறாம் நாள் துண்டில் பொதிந்து வீட்டுக்கே கொண்டுவந்தார்.

“திருடிட்டு வந்தீங்களா?” என்றாள் செல்லக்கனி.

“தொலைஞ்சதை எடுத்தா திருட்டா?”

“தொலைச்சவரு சொன்னாத்தானே அது தொலைஞ்சது?” என்றாள். ஆனால் கண் செருப்பின்மேல்தான் இருந்தது. “கடிச்சிரும்ங்க.”

“கடிச்சா எடுத்திருவோம்.”

அவள் பயந்து பயந்து காலை நீட்டினாள். செருப்பு கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு விளிம்பால் புண்ணைத் தடவிப் பார்த்தது. பிறகு தானாகவே காலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. புண் இருந்த இடத்தில் மட்டும் மென்தோல் கொஞ்சம் பள்ளமாகக் குழிந்து, மெழுகுபோல ஒரு கொழுப்பைக் கசியவிட்டது.

செல்லக்கனி எழுந்து நின்றாள். அடுப்படி வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள். அவள் பேசாமலிருந்து முப்பிடாதி பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு அது இரண்டாம் தடவை.

பதினெட்டு நாளில் புண் ஆறிவிட்டது. பத்தொன்பதாம் நாள் காற்றுவாசலில் கண்காணி வழக்கமான சோதனைக்கு வந்து, அவள் காலருகே கோலை நீட்டியது.

“வலி இரண்டு. மிக நல்ல பராமரிப்பு, வாழ்த்துகள்” என்றது. பிறகு, “தோலின் எண் உங்களுடையது அல்ல. வாரியத்துக்கு வர வேண்டும்” என்றது. அதற்கு இரண்டு வாக்கியமும் ஒரே குரல்தான்.

விசாரணை அன்று வாரிய மண்டபம் நிறைந்திருந்தது. பொழுதுபோக்கு குறைந்த ஊர். உயர்ந்த நாற்காலியில் நல்லபெருமாள் உட்கார்ந்திருந்தார். காலில் புது ஜோடி பளபளத்தது. மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து இருநூற்றுப் பதினேழாம் ஜோடியை வைத்திருந்தார்கள். முப்பிடாதி தலைவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் தன்னைச் சுமந்ததை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

“ஏற்கெனவே ஒண்ணைக் கொன்ன பொம்பளை” என்று தொடங்கினார் நல்லபெருமாள். “இப்ப இன்னொருத்தர் ஜீவனைக் கொண்டுபோய்ப் புழுதியில மிதிச்சிருக்கா. என்னவே முப்பிடாதி, கோவில் வாசல்ல இருக்க ஆளு நீரு. இப்படிச் செய்யலாமா?”

“யாரும் கேட்டு வரலைய்யா. பட்டினியா கெடந்துச்சு.”

“கேட்டு வராட்டா? அந்தப் பாவி யாரோ, வீட்டுல தவிச்சிக்கிட்டிருப்பான்லா. கண்காணி, அந்த உரிமையாளர் பேரைச் சபைக்குச் சொல்லும். அவருக்கு நாம ஆறுதல் சொல்லணும்.”

“நல்லபெருமாள், மேலத்தெரு” என்றது கண்காணி. “கருணை வாரியத் தலைவர்.”

மண்டபத்தில் யாரோ இருமத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

நல்லபெருமாள் மேஜையைப் பார்த்தார். “என்னுது இதைவிடக் கறுப்பா இருக்குமே” என்றார்.

“ஐயம் இருந்தால் கால் சோதனை செய்யலாம். விதி பதினான்கு. செருப்பைத் தரையில் விட்டால் அது தன் ஆளிடம் போகும்.”

விட்டார்கள். ஒரு பக்கம் நல்லபெருமாள், ஒரு பக்கம் செல்லக்கனி. இரண்டு செருப்பும் நடுத்தளத்தில் கொஞ்ச நேரம் கிடந்தன. நல்லபெருமாள் பக்கம் முனை திரும்பியது. அவர் உட்கார்ந்த இடத்திலேயே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சனியைத் தொலைத்த மனிதருக்கு அது திரும்பி வருவதில் இஷ்டமில்லை. செருப்பு நின்றது. பிறகு திரும்பி, கருங்கல் தளத்தில் சிறு சத்தத்தோடு ஊர்ந்து போய், செல்லக்கனியின் பாதத்தின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. வழக்கமாகக் காலுக்கு அடியில் போகிறது, அன்றைக்குக் காலுக்கு மேலே.

மண்டபமே உச்சுக் கொட்டியது. முன்வரிசையில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். முப்பிடாதி நிம்மதியாக மூச்சுவிட்டார். முடிந்தது, இனி அந்த ஜோடி அவளுக்குத்தான் என்று நினைத்தார். நல்ல மனுஷர்களின் கண்ணீரைப் பற்றி அவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

செருப்பைத் துறப்பது வதைக்கு அடுத்த குற்றம், பதவி போய்விடும். நல்லபெருமாள் அந்தக் கண்ணீரை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து நின்றார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! மறைத்துவைத்த உண்மையைச் சொல்லும் வேளை வந்துவிட்டது. ஆம், இந்த ஜீவன்கள் என்னுடையவை. ஆனால் நான் இவற்றைத் தொலைக்கவில்லை. விடுதலை செய்தேன்!” குரல் தழுதழுத்தது. “எட்டு வருஷம் ஒரு உயிரை மிதித்து நடந்தேனே என்று என் நெஞ்சு உறுத்தியது. ஆண்டவன் சந்நிதியில் விட்டுவந்தேன். இவை ஒரு காலில் கிடப்பதற்கா பிறந்தன? பார்த்தீர்களா, எப்படி அன்பு காட்டுகின்றன! அன்பு காட்டுவதை மிதிக்கலாமா? இதோ, இந்த நொடியிலிருந்து எந்த உயிரையும் நான் மிதிக்க மாட்டேன். இந்த ஊரில் யாரும் மிதிக்கக் கூடாது!”

அவர் புது ஜோடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து அதற்குக் கைகூப்பினார். கைதட்டல் கூடாரத்தின் உச்சியில் போய் மோதியது. தீர்மானம் அங்கேயே ஒருமனதாக நிறைவேறியது. எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். முப்பிடாதியின் கிழட்டு ஜோடியையும் யாரோ மரியாதையாகக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

செல்லக்கனியின் காலிலிருந்து இருநூற்றுப் பதினேழைப் பிரிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

“அப்ப எனக்கு என்னய்யா?” என்றாள் அவள்.

“அம்மா, அந்த ஜீவன் உன்னை மன்னிச்சிட்டுது” என்றார் நல்லபெருமாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இதைவிட உனக்கு என்ன வேணும்?”

கூட்டம் கலைந்து வாசலுக்கு வந்தபோதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. கருங்கல் தளம் படியோடு முடிகிறது. அதற்கு அப்பால் செவ்வாய். நல்லபெருமாள் கடைசிப் படியில் நின்று கட்டைவிரலை நீட்டி மண்ணைப் பார்த்தார். விரலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“என்னவே முப்பிடாதி, சும்மாதானே நிக்கீரு. கொஞ்சம் முதுகைக் காட்டும். வீடு பக்கத்துலதான்.”

முப்பிடாதி தயங்கினார்.

“கண்காணி, மனுசனை மனுசன் சுமந்தா அது வதையில சேருமா?”

“சுமப்பவர் சம்மதித்தால் சேராது” என்றது கண்காணி. “செருப்பு சம்மதம் சொல்ல இயலாத உயிர். இவரால் சொல்ல இயலும்.”

“அதான் வித்தியாசம். சம்மதந்தானவே? உம்ம வீட்டம்மா வழக்கு வேற பாக்கி கெடக்கு. அதை அப்புறம் பேசிக்கிடலாம்.”

முப்பிடாதி செல்லக்கனியைப் பார்த்தார். அவள் சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“சம்மதம்யா” என்றார்.

“நீங்க ஏன் சம்மதிச்சீங்க?” என்று அன்று வீட்டில் செல்லக்கனி கேட்கவில்லை. வெந்நீர் வைத்து, இந்தத் தடவை அவர் காலைத் தட்டில் எடுத்து வைத்தாள். “கனமா?” என்று மட்டும் கேட்டாள்.

“கனந்தான். வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தாரு. அது வேற.”

ஒரு மாதத்தில் ஊரில் பல்லக்குகள் வந்துவிட்டன. எந்திரங்களைத் தூக்கச் சொல்லலாமே என்று ஒருவர் சபையில் கேட்டார். எந்திரத்தின் மூட்டு தேய்ந்தால் உதிரிப்பாகம் பூமியிலிருந்து வர இரண்டு வருஷம்; மனிதன் ராத்திரி தூங்கினால் காலையில் சரியாகிவிடுகிறான் என்று கணக்குக் காட்டினார்கள். பல்லக்கில் விலங்குப் பொருள் எதுவும் கிடையாது. தண்டு கார்பன், மெத்தை பாசிநூல், கயிறு தென்னை நாரைப் பார்த்துச் செய்த வேறொரு நார். தூக்குகிறவர்கள் ஆண்டுக்கொருமுறை ஒப்புதல் படிவத்தில் கைரேகை வைத்தார்கள்.

செருப்புகளுக்கு மேலக்கோவில் உட்பிராகாரத்தில் இடம் கொடுத்தார்கள். இருநூற்றுப் பதினேழாம் ஜோடிக்குத் தனி மண்டபம், தினம் சந்தனக் காப்பு, தீபாராதனை. செருப்பே உள்ளே போய்விட்டதே, இனி நாமும் போகலாம் என்று முப்பிடாதி ஒருநாள் படியேறினார். கோவில் அதிகாரி தன்மையாகத்தான் தடுத்தார்.

“விதி மாறினது செருப்புக்குல்லாவே. உமக்கு இன்னும் மாறலை. செருப்பைத் தொட்ட கை.”

“அந்தச் செருப்புதானய்யா உள்ள இருக்கு?”

“அது தொடப்பட்டது. நீரு தொட்டவரு.” அவர் அதை யோசித்துச் சொன்னதுபோலவே இருந்தது.

புழுதிக்காலம் சொன்ன நாளில் வந்தது. காற்றுவாசலில் புழுதி முழங்கால் வரைக்கும் ஏறியது. செல்லக்கனி முதல் மாதம் சாக்கோடு நின்றாள். இரண்டாம் மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு படுத்துவிட்டாள். இரண்டு உள்ளங்காலிலும் எலும்பு தெரிய ஆரம்பித்தது. முப்பிடாதி கோவில் மதில் ஓரமாக நின்று, உள்ளே செருப்பைத் துடைத்துப் போடும் துணி ஒன்றாவது கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தார். அதில் ஒட்டியிருக்கும் கொழுப்பைத் தடவினால் புண் ஆறும். அது விலங்கின் உடலிலிருந்து வந்த பொருள், மனிதனுக்குப் பயன்படுத்துவது சாசனத்துக்கு விரோதம் என்று சொல்லி, துணியை அவர் கண்ணெதிரே எரித்தார்கள்.

கடைசியாக வாரியத்தில் பழைய மனுவின் நிலவரம் கேட்டார்.

“முடித்துவைக்கப்பட்டது” என்றது கண்காணி. “இனி எவருக்கும் செருப்பு இல்லை. தலைவருக்கும் இல்லை, உங்கள் மனைவிக்கும் இல்லை. இந்த வகையில் ஊரில் முழுச் சமத்துவம் வந்துவிட்டது. வாழ்த்துகள்.”

விடுதலை நாளின் முதல் ஆண்டு விழா அன்று காலையில் நல்லபெருமாளைக் கோவிலுக்குத் தூக்கிப் போகும் முறை முப்பிடாதியுடையது. முன்தண்டில் அவர், பின்தண்டில் இன்னொருவர். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது செல்லக்கனி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். “சீக்கிரம் வந்திருங்க” என்று மட்டும் சொன்னாள். அவள் கேலி பேசுவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது.

கோவில் தெரு முனையில் கண்காணி நின்றது. விழா நாளில் விலங்குப் பொருள் எதுவும் உள்ளே போய்விடக் கூடாதே என்று கூடுதல் சோதனை. கோலைத் தண்டின்மேல் ஓட்டியது, ஒன்றுமில்லை. மெத்தை, திரை, கயிறு, ஒன்றுமில்லை. கோல் கீழே வந்தது. முப்பிடாதியின் காலருகே வந்ததும் விட்டுவிட்டு அலறியது.

“தோல்” என்றது கண்காணி. “உயிருள்ளது. நடப்பதற்குப் பயன்படுத்தப்படுகிறது. வலி தொண்ணூற்றேழு.” கொஞ்சம் நிறுத்தி, “இந்தக் கோலில் இதுவரை பதிவான அளவுகளில் இதுவே அதிகம். விலங்கு எது என்று கோலுக்குத் தெரியவில்லை. இது எந்த விலங்கின் தோல்?” என்று கேட்டது.

“என்னுதுதான்” என்றார் முப்பிடாதி.

“விலங்கின் பெயர்?”

“மனுசன்.”

கண்காணி காப்புப் பட்டியலைத் தேடியது. நாற்பத்தோராயிரம் பெயர்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முப்பிடாதி தோளில் தண்டோடு காத்து நின்றார். நீர்நாய் வந்தது, போனது. அரக்குப் பூச்சி வந்தது, போனது.

“பட்டியலில் இல்லை. நீங்கள் போகலாம்.”

முப்பிடாதி போகவில்லை. இருபத்திரண்டு வருஷம் செருப்புகளோடு பேசிப் பழகியவர். எந்திரத்தோடு பேசுவது அவருக்குக் கஷ்டமாக இல்லை. வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தவளின் நினைப்பு வேறு.

“அந்தப் பட்டியல்ல புதுசா ஒரு பேரு சேக்கணும்னா என்ன செய்யணும்?”

“மனு கொடுக்க வேண்டும். எந்த மனுவும் பரிசீலிக்கப்படும்.”

“நான் குடுக்கலாமா?”

“இல்லை. பட்டியலில் இல்லாத உயிர் தன் பெயரில் மனு கொடுக்க விதியில்லை. அந்த உயிரின் உரிமையாளர் கையொப்பமிட வேண்டும்.”

முப்பிடாதி சிறிது யோசித்தார். பிறகு, தண்டு தோளிலிருந்து நழுவாமல் பிடித்துக்கொண்டு, மெல்லத் தலையைத் திருப்பி மேலே பார்த்தார்.

பாசிநூல் திரை இரண்டு விரல் அகலத்துக்கு விலகியது.

“என்னவே, நின்னுட்டீரு?” என்றது உள்ளிருந்து குரல். “செருப்புக்குத் தீபாராதனை ஆரம்பிச்சிருவாங்கல்லா. நடையும்.”